இரவு முழுக்க வாசனை எண்ணெயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த வாசனை எண்ணெய்க் கட்டுரையில், படுக்கையறையில் டிஃப்யூசரை, அதாவது எண்ணெயை ஆவியாக்கி அறையில் பரப்பும் மெஷினை, இரவு முழுவதும் ஓடவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. குன்னூரில் முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன் நான். அந்த வரிக்காகவே எழுதுகிறேன்.

நல்ல மணம் மனதைச் சாந்தப்படுத்தும். சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. தைவானில் ஸ்பா ஊழியர்கள் 100 பேரை அறையில் உட்காரவைத்து, பெர்கமாட் என்ற ஆரஞ்சு வகைப் பழத்தின் எண்ணெயை இரண்டு மணி நேரம் ஆவியாக்கிப் பார்த்தார்கள். முதல் ஒரு மணி நேரம் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் இறங்கின. 75 நிமிடம் தாண்டியதும் இரண்டுமே ஏறத் தொடங்கின. ஏற்ற இறக்கம் இரண்டு புள்ளி அளவுதான். ஆனால் அவர்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாத இளவட்டங்கள். இதய நோயாளியை எட்டு மணி நேரம் அதே காற்றில் படுக்கவைக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்புறம் மூச்சு. புதினா வகையிலிருந்து கிடைக்கும் மெந்தாலை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டது போலிருக்கும். உண்மையில் அது குளிர்ச்சியை உணரும் நரம்பைத்தான் தூண்டுகிறது. உள்ளே போகும் காற்றை அளந்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். என் மனைவிக்கு ஆஸ்துமா. போன மார்கழியில், குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு, மருமகள் ஆசையாக வாங்கித் தந்த டிஃப்யூசரில் நீலகிரித் தைலம் விட்டுப் படுத்தோம். மூன்று மணிக்கு இழுப்பு. இன்ஹேலர் எடுத்து, ஜன்னலைத் திறந்து, மெஷினை அணைத்த பிறகுதான் அடங்கியது. தைலம்தான் காரணம் என்று சாதிக்க மாட்டேன், குளிரும் இருந்தது. ஆனாலும் அந்த மெஷின் இப்போது பரணில்.

கைக்குழந்தைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லை. மெந்தாலோ கற்பூரமோ மூக்கருகில் பட்டால் பச்சிளங்குழந்தைக்குக் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம். இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்று தைல டப்பாக்களிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைக் காட்டினால், "நான் அஞ்சு பிள்ளைக்கும் இதைத்தான் தேய்ச்சேன், தம்பி" என்று பாட்டிமார் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அவர்களை எதிர்த்துப் பேச எனக்கு ஒருநாளும் வாய் வந்ததில்லை.

பத்திரிகையில் வந்தால் கேட்பார்கள். அடுத்த இதழிலேயே திருத்தம் போடுங்கள், பொடி எழுத்தில் வேண்டாம்.

– ஓய்வுபெற்ற மருந்தாளுநர், குன்னூர்