ஹவுஸ்கீப்பிங் பயிற்சியைக் கண்ணகி நகருக்கே கொண்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாத் துறைக்குத் திறமையான ஆட்களை உருவாக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. விடாமல் படிக்கிறேன். ஆனால் பயிற்சி என்றாலே எல்லோருக்கும் சமையலும் ரிசப்ஷனும்தான் நினைவுக்கு வருகின்றன. அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் சென்னையில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ரூம் அட்டெண்டண்டாகச் சேர்ந்து மேலே வந்தவள். ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை), ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சியை ஓ.எம்.ஆர். ஓரத்துக் கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளுக்கே கொண்டு வர வேண்டும் என்று அரசாங்கத்திடம் கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பயணிகள் வருவதில் நமக்குக் குறையே இல்லை. 2019-ல் வெளிநாட்டுப் பயணிகள் வருகையில் இந்தியாவிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 2021-22-ல் தொல்லியல் துறை டிக்கெட் போட்டுப் பராமரிக்கும் இடங்களில் வெளிநாட்டவர் அதிகமாக வந்தது மாமல்லபுரத்துக்கு. தாஜ்மகால் அதற்கு அடுத்துதான். 2023-ல் வந்த தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை இத்துறைக்குத் தொழில்துறை அந்தஸ்தும் கொடுத்துவிட்டது. சரி, வருகிறவர்கள் தங்கும் அறையை யார் தயார் செய்வது? 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். அந்த நாட்களில் ஈ.சி.ஆர். பக்கம் எந்த ஹோட்டலில் இருந்து போன் வந்தாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, உங்ககிட்ட ஆள் இருக்கா, ரெண்டு நாளைக்கு அனுப்ப முடியுமா?" அறை இருந்தது, கட்டில் இருந்தது. காலி செய்த அறையை அடுத்த விருந்தினர் வருவதற்குள் திருப்பிக் கொடுக்கக் கைதான் இல்லை.

இது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வீட்டில் செய்வதுதானே என்பார்கள். ஒரு ஷிஃப்டில் ஒருவருக்கு 14 முதல் 16 அறைகள் வரை வரும். ஆள் தங்கியிருக்கும் அறை என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம். செக்-அவுட் அறைக்கு முக்கால் மணி நேரம் வரை ஆகும். கிங் சைஸ் மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது முழங்காலை மடக்க வேண்டும், இடுப்பை வளைக்கக் கூடாது. இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர ஆள் இல்லாமல், முதுகுவலியோடு ஒரே வருடத்தில் வேலையை விட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் துணி. கழிவறைக்கு ஒரு நிறத் துணி, வாஷ்பேசினுக்கு இன்னொரு நிறம், தண்ணீர் டம்ளருக்கு வேறு. அவசரத்தில் ஒன்றை இன்னொன்றுக்கு எடுத்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, டம்ளர் பளபளவென்றுதான் இருக்கும். அந்த டம்ளரில் தண்ணீர் குடிப்பவர் போன வாரம் அறுவை சிகிச்சை முடிந்தவராக இருக்கலாம். டிராலியில் இருக்கும் கிளீனிங் திரவ பாட்டில்களும் அப்படித்தான். ஆர்-1 குளியலறைக்கு, ஆர்-3 கண்ணாடிக்கு, ஆர்-6 டாய்லெட் கோப்பைக்கு. ஆர்-6 அமிலம். கறை போகவில்லையே என்று அதன் மேல் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமுக்குள் அதைச் சுவாசித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருக்கும். பாட்டிலில் எல்லாம் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறது. தமிழில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் வைத்தியத்துக்காக வருகிறார்கள். வங்கதேசம், மேற்கு வங்கம், ஓமன் என்று பல இடங்களிலிருந்து. கிரீம்ஸ் ரோடு பக்கம் போனால் லாட்ஜ் வாசலில் வங்காள எழுத்தில் போர்டு தொங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி, ஊர் திரும்பும் வரை இவர்கள் இருப்பது எங்கள் அறைகளில்தான். என் ஃப்ளோரில் வேலை பார்த்த ஒரு பெண், வயதான வங்காள அம்மா ஒருவரின் காலை உணவுத் தட்டு இரண்டு நாளாகத் தொடாமல் அப்படியே இருப்பதைக் கவனித்தாள். மூன்றாம் நாள் விரிப்பை மாற்றும்போது இடுப்புப் பக்கம் மஞ்சளாக ஒரு ஈரக் கறை. யாரிடமும் கேட்கவில்லை, அருவருக்கவும் இல்லை. நேராக வந்து என்னிடம் சொன்னாள். டூட்டி மேனேஜர் மூலம் டாக்டரை வரவழைத்தோம். தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்திருந்தது. கூட வந்த மகனுக்கே தெரியவில்லை, அந்த அம்மா சொல்லாமல் மறைத்திருக்கிறார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு தாண்டாதவள். எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பழக்கியிருந்தோம், அவ்வளவுதான். நான் பயிற்சி என்று கேட்பது இதைத்தான்.

படிப்புக்கு இங்கே வசதி இருக்கிறது. தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் நிறுவனம், திருச்சி துவாக்குடியில் மாநில அரசுடையது, போதாக்குறைக்கு எத்தனையோ கல்லூரிகளில் கேட்டரிங் பட்டம். அந்தப் பிள்ளைகள் சில மாதம் எங்கள் டிபார்ட்மெண்டில் பயிற்சிக்கு வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். முடித்ததும் துபாய்க்கோ கப்பலுக்கோ போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே கொடுக்கும் சம்பளத்துக்குப் பட்டதாரி ஏன் மெத்தை விரிக்க வேண்டும்? 2009-10-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் தொடங்கிய ஹுனர் சே ரோஸ்கார் தக் நல்ல திட்டம், சில வாரக் குறுகிய காலப் பயிற்சி. ஆனால் அது வீட்டை விட்டுக் கிளம்பி வர முடிகிற இளைஞர்களை மனதில் வைத்தது. கைக்குழந்தையும் ரேஷன் வரிசையும் இருக்கும் ஒரு தாயால் முழு நாள் வகுப்புக்கு வர முடியாது.

இப்போது எங்கள் ஃப்ளோர்களில் பாதிக்கு மேல் மணிப்பூர், மிசோரம், அசாம், ஒடிசா பிள்ளைகள். மனம் ஒன்றி வேலை செய்கிறார்கள், அவர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் அதே ஓ.எம்.ஆர். ஓரத்தில் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இருக்கின்றன. நகரின் நடுவில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடங்கள். அங்கிருக்கும் பெண்களில் பலர் இன்றைக்கும் விடிகாலையில் பஸ் பிடித்து, பழைய பேட்டைகளில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். கண்ணகி நகர் சுவர்களில் வரைந்திருக்கும் பெரிய பெரிய ஓவியங்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள். அந்தச் சுவருக்கு உள்ளே குடியிருக்கும் பெண்ணுக்குச் சுற்றுலாவால் ஒரு மாதச் சம்பளம் வர வேண்டாமா?

அதனால் கேட்கிறேன், பயிற்சியை அங்கேயே கொண்டு போங்கள். காலியாக இருக்கும் ஒரு வீடு போதும். உள்ளே ஒரு ஹோட்டல் கட்டில், மெத்தை, கண்ணாடித் தடுப்பு வைத்த பாத்ரூம், ஒரு டிராலி. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை பத்து மணியிலிருந்து இரண்டரை வரை வகுப்பு, ஆறு வாரம். முப்பது, நாற்பது வயதுப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வகுப்புக்கு வரும் நாளுக்கு அன்றைய கூலி கையில் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் யாரும் வர மாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. கற்றுக்கொடுக்கப் பட்டம் கேட்காதீர்கள். பத்து வருடம் ஃப்ளோரில் நின்றவள் போதும். இங்கிலீஷிலும் இந்தியிலும் வங்காளத்திலும் வேலைக்குத் தேவையான வாக்கியங்கள் மட்டும்.

பாதுகாப்பு ஒரு தனிப் பாடமாக இருக்க வேண்டும். விருந்தினர் உள்ளே இருந்தால் கதவைத் திறந்து, டிராலியை வாசலில் நிறுத்தி வைத்துத்தான் வேலை. சங்கடமாகத் தோன்றினால் துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம், அதற்காக யாரும் திட்டக் கூடாது. இதைப் பெண்களுக்குச் சொல்லும் அதே நாளில் மேனேஜர்களுக்கும் சொல்ல வேண்டும். "ஹோட்டல் வேலையா?" என்று முகம் சுளிக்கும் புருஷனும் மாமியாரும் எனக்குப் பழக்கம். புதிதாகச் சேரும் பெண்ணின் வீட்டாரை ஒரு நாள் வரவழைத்து, லாண்டரி, பேன்ட்ரி, ஸ்டாஃப் கேன்டீன், லாக்கர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவேன். பார்த்தபின் பாதிப் பேராவது சமாதானமாகிவிடுகிறார்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி, ஆர்.பி.எல். என்பது, 2015-ல் வந்த பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கான்ட்ராக்டர் மூலம் பல வருடம் வேலை செய்துவிட்டு, வேறு ஹோட்டலுக்குப் போனால் மறுபடி புது ஆள் சம்பளம். எனக்கே அப்படி நடந்தது. கையில் காட்ட ஒரு காகிதம் இல்லாததால், இத்தனை வருட அனுபவத்தைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள். சான்றிதழ் இருந்தால் சம்பளத்தில் இவ்வளவு கூட வேண்டும் என்று அரசே ஹோட்டல்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். அது இல்லாமல் தரும் சான்றிதழை யாரும் மதிக்க மாட்டார்கள்.

போக்குவரத்தையும் விட்டுவிடக் கூடாது. காலை ஷிஃப்ட் ஏழு மணிக்கு. மகளிர் விடியல் பயணத்தில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவி, ஆனால் பெரும்பாக்கத்திலிருந்து ஈ.சி.ஆர். பக்கம் அந்த நேரத்தில் நேர் பஸ் வேண்டும். மாலை ஷிஃப்ட் இரவு பத்தரைக்கு மேல் முடிகிறது. வீட்டு வாசல் வரை வேன் விடுவதை ஹோட்டல்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.

எங்களுக்கு சீசன் நவம்பரில் சூடு பிடிக்கும். செப்டம்பரில் முதல் முப்பது பேரைச் சேர்த்தால், அக்டோபர் கடைசியில் அவர்கள் வேலைக்குத் தயார். சுற்றுலாத் துறையோ திறன் மேம்பாட்டுக் கழகமோ ஒரு வீட்டைத் திறந்து கொடுத்தால், என் வார விடுமுறையில் வந்து வகுப்பெடுக்க நான் தயார். பழைய கட்டிலும் டிராலியும் எந்தெந்த ஹோட்டலின் ஸ்டோரில் சும்மா கிடக்கின்றன என்பதும் எங்களுக்குத் தெரியும், கேட்டு வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்,
திருவான்மியூர், சென்னை - 41