கட்டியை எடுத்தால் மட்டும் முகம் திரும்பாது

ஆசிரியருக்கு,

முகவாதம் குறித்த கட்டுரையில், முகநரம்புக் கட்டி புற்றுநோய் இல்லை என்பதால் எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எழுதப்பட்டிருந்தது. நோயாளிகள் இதை நம்பி அவசரப்படக் கூடாது.

ஷ்வானோமா எனப்படும் இந்தக் கட்டி நரம்பின் உறையிலிருந்தே கிளம்புகிறது. முழுதாக எடுத்தால் பெரும்பாலும் நரம்பிலும் ஒரு துண்டு போய்விடும். வேறு நரம்பை ஒட்டிச் சரிசெய்தாலும், முக அசைவை அளக்கும் ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலில் (1 இயல்பான முகம், 6 முழு வாதம்) 3ஆம் நிலையைவிட நன்றாக முகம் தேறுவது அரிது. கண் மூடும், கூடவே வாயோரமும் இழுக்கும். ஆகவே முகம் 1, 2ஆம் நிலையில் இருக்கும்வரை எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் நல்லது.

கட்டி பெருத்து மூளைத்தண்டை அழுத்தினால் காத்திருக்க முடியாது. அப்போதும் முகம் அசைகிறதென்றால், நரம்பிழைகள் ஓடும் பக்கத்தை மின்தூண்டலால் கண்டறிந்து, அங்கே மெல்லிய படலத்தை விட்டு மீதியைக் குடைந்தெடுக்கலாம். விட்டது மீண்டும் வளரக்கூடும், தொடர்ந்து ஸ்கேன் வேண்டும். அந்த விலை கொடுக்கத் தக்கது என்பதே எங்கள் கருத்து.

நரம்பு அறுபட்டுவிட்டால் அதே அறுவையிலேயே ஒட்டிவிட வேண்டும். சிறு இடைவெளிக்குக் கழுத்திலுள்ள காதுமடல் நரம்பு போதும். நீண்டதற்குக் காலின் சூரல் நரம்பு. துண்டு இடைவெளியைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் இணைப்பில் தழும்பு விழுந்து, வளரும் இழைகளை மறித்துவிடும். 9-0 அல்லது 10-0 என்னும் மிக மெல்லிய நைலான் இழையில் இரண்டு மூன்று தையல் போதும். நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும், முதல் அசைவு தெரிய 6 முதல் 12 மாதம் ஆகலாம். மூளைப்பக்க முனை கிடைக்காவிட்டால் மெல்லும் தசையின் நரம்பையோ நாக்கை அசைக்கும் நரம்பின் ஒரு பகுதியையோ இணைக்கலாம். ஒன்றரை ஆண்டைத் தாண்டவிட்டால் முகத்தசை பெரும்பாலும் சுருங்கிப்போகும். பிறகு தொடையிலிருந்து தசையையே கொண்டுவர வேண்டியிருக்கும்.

அதுவரை கண் காத்திருக்காது, இமை மூடாவிட்டால் உலர்ந்து புண்ணாகிவிடும். மேல் இமைக்குள் சுமார் 1 கிராம் தங்கத் தகடோ பிளாட்டினமோ வைப்பார்கள். சரியான எடையை அறிய, முதலில் இமைக்கு வெளியே ஒட்டி, உட்கார வைத்துப் பார்ப்பார்கள். தகடு தன் எடையால் இமையை இறக்குவதால், படுத்தால் அவ்வளவாக உதவாது. இரவில் களிம்பு தேவை. பெரிய கட்டியில் கருவிழியின் உணர்ச்சியும் மரத்திருக்கலாம், புண் வந்தாலும் வலிக்காது. கண் சிவந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்படிக்கு,
காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர்கள் இருவர்