ஒன்பது கஜமும் திருட்டு இடியும்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆங்கிலச் சொலவடைக் கதைகளைப் படித்துவிட்டு, சவப்பெட்டி மணியைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உயிரோடு புதைத்துவிட்டால் உள்ளிருந்து அடிக்க மணி வைத்த சவப்பெட்டிகள் இருந்தது உண்மைதான். ஆனால் கடைசி நொடியில் தப்பியதைச் சொல்லும் 'சேவ்ட் பை தி பெல்' அந்த மணியிலிருந்து வரவில்லை, குத்துச்சண்டை மேடையிலிருந்து வந்தது. அடி வாங்கி விழுந்தவனை நடுவர் பத்து எண்ணி முடிப்பதற்குள் சுற்று முடிகிற மணி அடித்தால் பிழைத்தான், அவ்வளவுதான். பூனையும் நாயும் வைக்கோல் கூரையிலிருந்து மழையில் வழுக்கி விழுந்ததாம், அதனால் கொட்டுகிற மழையை 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்கிறார்களாம். நாய்க்குக் கூரை மேல் என்ன வேலை? 1999இல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுக்கதைக் கட்டுரையின் மிச்சம் இது.

'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் துப்பாக்கித் தோட்டாப் பட்டையின் நீளம் 27 அடி, அதாவது ஒன்பது கஜம், மொத்தத்தையும் சுட்டுத் தீர்ப்பதுதான் அது என்று நீ அனுப்பியதில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போருக்கு வெகுகாலம் முன்பே, 1907இல், அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பத்திரிகை ஒன்றில் 'ஒன்பது கஜம்' வந்துவிட்டது. 1912இல் கென்டக்கிப் பத்திரிகை ஒன்றில் 'ஆறு கஜம்' என்றே போட்டிருக்கிறார்கள். எண் இப்படி மாறுகிறது என்றால் எதையும் அளந்து சொன்னதாகத் தெரியவில்லை; 'முழுசும்' என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு, ஒன்பது இரண்டும் நம் புடவைக் கணக்கு, பார்த்தாயா? இண்டியானாவுக்கு ஒரு மடிசார் மாமியை அனுப்பி நானும் ஒரு கதை கட்டிவிட்டால், அடுத்த வாரமே அது உன் அலுவலகக் குழுவுக்கு வந்து சேரும்.

எனக்குப் பிடித்தது 'ஸ்டீல் மை தண்டர்', அதாவது 'என் இடியைத் திருடுவது'; நமக்கு வரவேண்டிய பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவதைச் சொல்வது. 1709இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜான் டென்னிஸ் என்பவரின் 'ஏபியஸ் அண்ட் வர்ஜீனியா' நாடகம் அரங்கேறியது. அதற்காக மேடையில் இடிச்சத்தம் எழுப்பப் புதிதாக ஓர் உத்தி கண்டுபிடித்திருந்தார் மனிதர். நாடகம் ஓடவில்லை. இடி மட்டும் அரங்கத்தாருக்குப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நாளில் அங்கே 'மெக்பெத்' பார்க்கப் போனவர் காதில் தன் இடியே விழுந்ததும், எழுந்து நின்று "என் நாடகத்தை ஓட விடமாட்டார்கள், என் இடியை மட்டும் திருடுவார்கள்!" என்று கத்தினாராம். 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த கதை இது. டென்னிஸ் ஏற்கெனவே முன்கோபி. கவிஞர் அலெக்ஸாண்டர் போப் 1711இல் அவரை 'ஏபியஸ்' என்றே பெயர் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார். பாவம், நாடகத்தை இன்று யார் படிக்கிறார்கள்? ஆத்திரத்தில் கத்தியதுதான் நிலைத்தது.

நீ செய்த வேலையை மேலாளர் தன்னுடையது என்று காட்டிக்கொண்டதாகப் போனில் சொன்னாயே, அதற்கு இந்தத் தொடர் சரியாகப் பொருந்தும். ஆனால் டென்னிஸ் மாதிரி நடுக்கூட்டத்தில் எழுந்து கத்திவைக்காதே. யார் எப்போது என்ன செய்தது என்று தெரிகிற மின்னஞ்சல்களை முதலில் பத்திரப்படுத்து. அப்புறம் அவருக்கு மேலே இருப்பவரிடம் தனியாகப் பேசு.

பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறேன். வந்ததும் சொல்.

அன்புடன்,
அம்மா