பாப்பா கார்டை ஒரு தடவை எடுத்துப் பாரு கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா, பாப்பா நல்லா இருக்காளா, மாப்பிள்ளை நல்லா இருக்காரா. வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பலாம்னு மூணு தடவை ஆரம்பிச்சேன், மூணு தடவையும் பாதியில அழிச்சிட்டேன். பேச ஆரம்பிச்சா வேற எதையோ பேசிட்டு வச்சிடுறேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா போகும், ஆபீஸ் நேரத்துல படிக்காத, ராத்திரி பாப்பா தூங்கினப்புறம் நிதானமா படி.

பொங்கல் நல்லபடியா போச்சு. அண்ணன் வந்து பானை வச்சான், அண்ணி சக்கரைப் பொங்கல்ல நெய்யா ஊத்திட்டா, அப்பா ஆசையா ரெண்டு கரண்டி சாப்பிட்டு மறுநாள் சுகர் ஏறிப்போச்சு. மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற பொண்ணு வீட்டுக்கே வந்து பிபி பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போகுது, நல்ல பொண்ணு. மாடி வீட்டு அக்கா பேத்திக்கு நிச்சயம் ஆயிடுச்சு, அந்தக் கதைய அப்புறம் சொல்றேன்.

மே மாசம் டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னியே, அதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல, சந்தோஷத்துலதான். மொட்டை, காதுகுத்து ரெண்டையும் ஒரே நாள்ல வச்சிக்கலாம்னு அப்பா சொல்றாரு. அண்ணன் இப்பவே பாப்பாவுக்கு கம்மல் பாத்து வச்சிட்டான், தாய்மாமன் இல்லையா, மடியில உக்கார வச்சுக்க இப்பவே வேட்டி வாங்கணும்னு நிக்கிறான். வரும்போது பாப்பாவோட ஊசி கார்டை மறக்காம எடுத்துட்டு வா. கைப்பையில வை, பெட்டியில போடாத.

இங்க இன்னும் தட்டம்மை இருக்கு கண்ணு. 2026-க்குள்ள ஒழிச்சிடணும்னு நம்ம நாடு குறி வச்சு வேலை பண்ணிட்டு இருக்கு, ஆனா இன்னும் ஒழியல. அதனாலதான் சொல்றேன், கார்டு பத்திரம்.

நீ அங்க அமெரிக்காவுல நியூஸ் பாக்குறியான்னு தெரியல, நான் தினமும் பாக்குறேன். எங்க ரிட்டையர்டு நர்ஸுங்க குரூப்ல இதே பேச்சுதான். எங்க ட்ரெயினிங்ல அட்லான்டா சி.டி.சி-ன்னா, அதான் அமெரிக்க சர்க்காரோட நோய்த் தடுப்பு ஆபீஸ், அவ்வளவு மரியாதையா சொல்லுவாங்க, அவங்க சொன்னா உலகமே கேக்கும்னு. அந்த நாட்டுல, தடுப்பூசியே தப்புன்ற மாதிரி வருஷக்கணக்கா பேசிட்டு இருந்த ராபர்ட் கென்னடி ஜூனியர் 2025 பிப்ரவரியில ஹெல்த் மினிஸ்டரா வந்தாரு. ஜூன்ல, எந்த ஊசி எப்ப போடணும்னு சொல்ற கமிட்டியில இருந்த 17 பேரையும் ஒரே நாள்ல வெளிய அனுப்பிட்டாரு. டிசம்பர்ல அந்தப் புதுக் கமிட்டி, பொறந்த உடனே எல்லாக் குழந்தைக்கும் மஞ்சக்காமாலை ஊசி போடத் தேவையில்லன்னு 8-க்கு 3-ன்னு ஓட்டு போட்டுச்சு. 1991-லேர்ந்து போட்டுட்டு வந்த ஊசிடி அது. நம்ம பாப்பாவுக்கு பொறந்த அன்னிக்கே போட்டாங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அந்த நர்ஸ் கையைப் பிடிச்சு தேங்க்ஸ்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா. ஒரு வருஷம் கழிச்சுப் பொறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த நியூஸ் பாத்த அன்னிக்கு பூரா யோசிச்சிட்டு இருந்தேன். 2026 ஜனவரியில ஊசிப் பட்டியலையே இன்னும் சுருக்கிட்டாங்க. அதுலயும் தட்டம்மை ஊசிய அவங்களாலயே எடுக்க முடியல, அது எல்லாக் குழந்தைக்கும் இன்னும் இருக்கு, அதை மட்டும் நல்லா கவனிச்சுக்கோ.

மேல உக்காந்திருக்கிறவங்க பேசுறது மேலயே நின்னுடும்னு நினைக்காத. நான் 33 வருஷம் வாசப்படி ஏறி இறங்கினவ. 2008-ல திருவள்ளூர் பக்கம் தட்டம்மை ஊசி போட்ட நாலு கைக்குழந்தைங்க செத்துப் போச்சு. திருவள்ளூருக்கு அப்புறம் கிராமத்துல நர்ஸம்மா தெருவுல வச்சு ஊசி போடக்கூடாது, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் குழந்தைய தூக்கிட்டு வரணும்னு ஆர்டர். பயத்துல போட்ட ஆர்டர், தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா கூலி வேலைக்குப் போற பொம்பள ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு பஸ் ஏறி வருவாளா? எத்தனையோ பேர் வரல. இங்க வியாசர்பாடியில, நான் பொறக்கும்போதே கையில வாங்கின மாதிரி பழகின பொண்ணுங்க, என்னைப் பாத்ததும் கதவை சாத்திக்கிட்டாங்க. "அக்கா, இது அந்த ஊசிதானே"ன்னு ஜன்னல்ல நின்னு கேட்டா ஒருத்தி. 2017-ல தட்டம்மை-ரூபெல்லாவுக்கு எம்.ஆர். ஊசி கேம்ப் வந்தப்போ செத்தது யாரும் இல்ல, வெறும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான், அதுக்கே ஸ்கூல் வாசல்ல அப்பாங்க நின்னு புள்ளைய வெளிய கூட்டிட்டுப் போனாங்க. சும்மா ஒரு சந்தேகம் போதும் கண்ணு. அங்க சந்தேகத்தை சர்க்காரே வாயால சொல்லுது, படிச்சவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

மாப்பிள்ளைய நான் குறை சொல்லல. தங்கமான மனுஷன். பாப்பா வயித்துவலியில கத்தின அந்த ரெண்டு மாசமும் ராத்திரி அவர்தான் தோள்ல போட்டு நடந்தாரு, நம்ம வீட்ல எந்த ஆம்பள அப்படி நடந்திருக்கான். ஊசிக்குப் பயப்படுறாருன்னா புள்ள மேல உள்ள பாசத்துலதான் பயப்படுறாரு.

போன மாசம் வீடியோ கால்ல பின்னாடி அவர் "அந்த ஃபார்ம் பிரிண்ட் எடுத்தாச்சா, டேகேர்ல கேட்டாங்க"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீ சட்டுனு மியூட் பண்ணிட்ட. எந்த ஃபார்ம்னு நான் கேக்கல. ஆனா டெக்சாஸ்ல 2025 செப்டம்பர் 1-லேர்ந்து ஊசி வேணாம்னு விலக்கு வாங்குற ஃபார்மை வீட்லயே டவுன்லோட் பண்ணிக்கலாம்னு எனக்குத் தெரியும். அது வேற ஏதாவது ஃபார்மா இருந்தா அம்மாவ மன்னிச்சிடு.

நீ "ஆச்சும்மா"ன்னு சொன்ன. பாப்பாவுக்கு ஒரு வயசு தட்டம்மை ஊசி ஆச்சான்னு கேட்டதுக்கு. ஊசி போட்டுட்டு ஆச்சுன்னு சொல்ற அம்மாவ எனக்குத் தெரியும்டி. எந்தக் கிழமைன்னு சொல்லுவா, அன்னிக்கு மழைன்னு சொல்லுவா, எட்டாம் நாள் லேசா உடம்பு சுட்டுச்சுன்னு சொல்லுவா, கேக்காமலே சொல்லுவா. நீ ஆச்சும்மா, மீட்டிங் இருக்கு வச்சிடவான்னுட்ட. 12-லேர்ந்து 15 மாசத்துக்குள்ள போடணும், பாப்பாவுக்கு இப்ப 14.

2025-ல நான் அங்க இருந்தப்போ டெக்சாஸ்ல தட்டம்மை பரவுச்சே, 762 பேருக்கு வந்துச்சு, ஊசி போடாத ரெண்டு குழந்தைங்க செத்துப் போச்சு. பாப்பாவுக்கு அப்ப மூணு மாசம், போடவும் முடியாது. அது மேற்கால, கார்ல அஞ்சாறு மணி நேரம்னு நீ சமாதானம் சொன்னாலும் கடைக்குக்கூட பாப்பாவ தூக்கிட்டுப் போகல. அப்ப நீதான் கோவப்பட்ட, அடுத்தவங்க தன் புள்ளைக்கு போடாததுக்கு என் புள்ள வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கணுமான்னு. அந்தக் கோவத்தைப் பாத்து எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா, ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்தப் பொண்ணு எங்க போனா? இவ்வளவு படிச்சு, தெருவுலயே முதல்ல பிளேன் ஏறினவ நீ, வாட்ஸ்அப்ல வர்ற ஒரு மூணு வரி ஃபார்வர்டுக்கு பதில் சொல்லத் தெரியாதா உனக்கு?

சரி, கோவத்துல எழுதிட்டேன், அழிக்கல, இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் இதைச் சொல்லத்தான் சுத்திச் சுத்தி வர்றேன். அன்னிக்கு சாப்பாட்டு மேஜையில மாப்பிள்ளை சொன்னாரே, "மச்சானுக்கு ஊசி போட்டும்தானே அம்மை வந்துச்சு, காது போச்சு, அத்தையே நர்ஸு"ன்னு. நான் எழுந்து சிங்க்ல போய் பாத்திரம் கழுவினேன். நீ கூட "ஆமா இல்ல"ன்னு சொன்ன.

போடல கண்ணு. அண்ணனுக்கு தட்டம்மை ஊசி நான் போடல.

1989 ஏப்ரல். அவனுக்கு ஒன்பது மாசம். அன்னிக்கு புதன்கிழமை, ஏரியாவுல ஊசி நாள். காலையில அவனுக்கு மூக்கு ஒழுகுச்சு, பாட்டி புள்ளைய குடுக்க மாட்டேன்னுட்டாங்க, சளியோட ஊசி போட்டா தாங்காதுன்னு. சளிக்குப் போடலாம்னு எனக்குத் தெரியும், தினமும் அதைத்தான் ஊருக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சேன், ஆனா வீட்ல சொல்ல வாய் வரல, மருமகளா போயி மூணு வருஷம்தான். அப்பல்லாம் கண்ணாடி சிரிஞ்சு, குக்கர்ல வேக வச்சு எடுத்துட்டுப் போவோம், பொடி மருந்துல தண்ணி கலக்கிட்டா சில மணி நேரம்தான் இருக்கும், ஒரு பாட்டில் உடைச்சா அஞ்சு புள்ளைங்களுக்கு. அன்னிக்கு கடைசி பாட்டில்ல ஒரு டோஸ் மிச்சம் இருந்துச்சு. வீட்டுக்கு ஓடிப்போய் போட்டிருக்கலாம், பத்து நிமிஷ நடை. கொட்டிட்டேன். அடுத்த வாரம் போட்டுக்கலாம்னு. ஆனா மாச முடிவுல ரிப்போர்ட் குடுக்கணும், ஸ்டாஃப் புள்ளைக்கே பாக்கின்னா மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நிக்க வைப்பாங்க. அதனால ரிஜிஸ்டர்ல எழுதினேன், அவன் கார்டுலயும் எழுதினேன், 12-4-89-ன்னு, என் கையால, ஊதா மசியில. அடுத்த வாரம் வரல. அதுக்கடுத்த வாரமும் ஏதோ ஒரு வேலை. எழுதியாச்சு இல்ல, எழுதின உடனே அது நடந்த மாதிரியே ஆயிடுது.

செப்டம்பர்ல அவனுக்கு தட்டம்மை வந்துச்சு. 14 மாசம், நம்ம பாப்பா வயசு. ஆத்தா வந்திருக்கான்னு பாட்டி வேப்பிலை கட்டி, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவே விடல. ஏழாம் நாள் காதுல சீழ். தூக்கிட்டு ஓடினப்போ டாக்டர் தட்டம்மை ஊசி போட்டிருக்கான்னு கேட்டாரு. நான் கார்டை நீட்டினேன். அவர் பாத்துட்டு, சில பேருக்கு போட்டும் வரும்மா, நீங்க என்ன பண்ணுவீங்கன்னு என்னை சமாதானம் பண்ணாரு.

அப்பாவுக்குத் தெரியாது. பாட்டி சாகுற வரைக்கும் தெரியாது. நம்ம வீட்ல "போட்டும் வந்துச்சு"ன்னு ஆச்சு, அப்புறம் சித்தி வீட்ல அது "போட்டதாலதான் வந்துச்சு"ன்னு ஆச்சு, இப்ப அது அமெரிக்கா வரைக்கும் வந்து மாப்பிள்ளை வாயில நிக்குது. அவன் எப்பவும் நமக்கு இடது பக்கமா வந்து உக்காருறான் பாரு, நல்ல காதை நம்ம பக்கம் வச்சிக்க, ஒவ்வொரு தடவையும் நான் அந்த தேதியத்தான் பாக்குறேன்.

போட்டும் சில பேருக்கு வரும்ன்றது பொய்யில்ல. ஒரு டோஸ்ல 100-க்கு 93 பேருக்கு காப்பாத்தும், ரெண்டு டோஸ்ல 97. ஆனா உங்க அண்ணன் அந்த மிச்ச ஏழு பேர்ல இல்ல. அதை மாப்பிள்ளைகிட்ட சொல்லு. இந்த லெட்டரையே குடு, படிக்கட்டும். அத்தை பொய் சொன்னாங்கன்னு நினைச்சா நினைக்கட்டும். இந்த ஊசியால ஆட்டிசம் வரும்னு யாராவது சொன்னா, அதை 1998-ல 12 குழந்தைங்கள வச்சு எழுதின டாக்டரோட கட்டுரைய அதைப் போட்ட பத்திரிகையே 2010-ல திரும்ப வாங்கிக்கிச்சு, அவர் லைசென்ஸும் போச்சுன்னு சொல்லு. தட்டம்மைக் கிருமி ஒரு ரூம் காத்துல ரெண்டு மணி நேரம் வரைக்கும் நிக்கும், பிளேன்ல யார் உக்காந்திருக்காங்கன்னு நமக்கு என்ன தெரியும். மே மாசம் கிளம்புறதுக்கு குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி போட்டிருக்கணும், நீ இன்னும் தள்ளிப்போடாத, இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் எடு. சளி இருந்தாலும் போடலாம்டி. லேசான சளிக்குப் போடலாம்.

அண்ணன்கிட்ட நான் இன்னும் சொல்லல. நீங்க வர்றதுக்கு முன்னாடி சொல்லிடுவேன், அவன் மடியில பாப்பாவ வச்சு காது குத்துற அன்னிக்கு இதை மனசுல வச்சிட்டு நிக்க என்னால முடியாது.

பொடி பார்சல் அனுப்பியிருக்கேன், கறிவேப்பிலைப் பொடியும் பருப்புப் பொடியும், பாப்பாவுக்கு நெய் விட்டு பிசைஞ்சு குடு, காரம் போடல.

ஊசி போட்டப்புறம் எனக்கு கார்டை போட்டோ எடுத்து அனுப்பாத. பாப்பா கையிலயோ தொடையிலயோ அந்த சின்ன பிளாஸ்டர் ஒட்டியிருப்பாங்க இல்ல, அதோட அவள ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அழுதுட்டு இருந்தாலும் பரவால்ல.

அம்மா