டின் இலக்கம் எடுத்தாயிற்று, இனிக் கணக்கை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வருமான வரி விபரத்திரட்டை (ரிட்டர்ன்) நாமே இணையத்தில் நிரப்புவதா, கணக்காளரிடம் கொடுப்பதா என்று கொழும்பில் கேட்டால் வழி இரண்டுதான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் மூன்றாவது வழியும் இருக்கிறது: கடைத்தெருவில் போட்டோ பிரதி எடுக்கும் கொமியூனிகேஷன் கடை. அடையாள அட்டையைக் கொடுத்தால் டின் எனப்படும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கத்துக்குப் பதிந்து தருகிறார்கள். நவம்பர் வந்தால் விபரத்திரட்டையும் 'போட்டுவிடுகிறார்கள்'. மலையகத்தில் பல சிக்கல்கள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பதிவின்போது ஒரு கைத்தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சல் முகவரியும் கொடுக்க வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவருக்குக் கடைக்காரத் தம்பி உதவும் எண்ணத்தில் தன்னுடையதையே போட்டுவிடுகிறார். அதன்பின் உள்நுழையும் இரகசிய இலக்கமும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல்களும் அவருக்கே போய்ச் சேரும். அவர் கடையை மூடிக்கொண்டு கட்டாருக்குப் போய்விட்டால் உங்கள் கணக்கின் கதவும் மூடிவிடும். பதிவைக் கடையில் செய்வது தவறல்ல, ஆனால் தொலைபேசி இலக்கம் உங்களுடையதாகவோ வீட்டுப் பிள்ளையுடையதாகவோ இருக்கட்டும். ஏற்கெனவே மாறிப்போயிருந்தால் 1944 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அழைத்துத் திருத்தும் முறையைக் கேளுங்கள். டின் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயப்படுவோரும் உண்டு. அப்படி இல்லை, அது வெறும் அடையாள இலக்கம்.

இனி முக்கியக் கேள்விக்கு வருவோம். வருமானம் எவ்வளவு என்பதை விட, எத்தனை வழியில் வருகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஒரே இடத்துச் சம்பளம், வங்கி வட்டி, அதிகம் போனால் ஒரு வாடகை. இவ்வளவுதான் என்றால் கணக்காளருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. திணைக்களத்தின் இணையச் சேவை இலவசம், ஒரு சனிக்கிழமை பொறுமையாக உட்கார்ந்தால் முடியும்.

கணக்கு இதுதான். 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் முதல் 1,000,000க்கு 6%, அடுத்தடுத்த மூன்று 500,000களுக்கு 18%, 24%, 30%, மீதிக்கு 36%. மாதம் 200,000 சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் 2,400,000. வரிக்குரியது 600,000, வரி 36,000. இதை மாதம் 3,000 வீதம் நிறுவனமே ஏ.பி.ஐ.டி. என்று பிடித்துக் கட்டிவிடுகிறது. அவருக்கு நிலையான வைப்பில் 300,000 வட்டியும் வருகிறது என்று வைப்போம். வங்கி 10% நிறுத்திவைத்தல் வரியாக 30,000 எடுத்திருக்கும். அந்த வட்டிக்கு அவர் உண்மையில் கட்ட வேண்டியது 6%, அதாவது 18,000. மிச்சம் 12,000ஐ மீளக் கோரும் உரிமை அவருக்கு உண்டு. விபரத்திரட்டு அனுப்பாதவர் அந்தக் காசை இழந்துவிடுகிறார்.

அதே 300,000 வட்டி, மாதம் 300,000 சம்பளம் வாங்குபவருக்கு வந்தால் கதை தலைகீழ். சம்பளமே அவரை 24% படிக்குக் கொண்டுபோயிருக்கும். வட்டியில் 200,000க்கு 24%, 100,000க்கு 30%, மொத்தம் 78,000. வங்கி பிடித்தது 30,000தான். இன்னும் 48,000 கட்ட வேண்டும். 'வங்கிதான் வெட்டிவிட்டதே' என்று இருந்துவிடுகிறார்கள். வட்டியில் வெட்டுவது இறுதி வரி அல்ல, முற்பணம் மாதிரித்தான்.

நாமே நிரப்பும்போது அடிக்கடி நடக்கும் பிழை, கைக்கு வரும் சம்பளத்தை எழுதுவது. 200,000இல் சேமலாப நிதிக்கு 8%, அதாவது 16,000 போய், வரி 3,000 போய், கணக்கில் விழுவது 181,000. பன்னிரண்டால் பெருக்கினால் 2,172,000. நிறுவனம் திணைக்களத்துக்குக் காட்டியதோ 2,400,000. இரண்டும் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டு வருவார்கள். எனவே சம்பளத் துண்டை வைத்து எழுத வேண்டாம். ஆண்டு முடிந்ததும் நிறுவனம் தரவேண்டிய டி.10 சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மொத்த வேதனத்தை எழுதுங்கள். வட்டியும் இப்படித்தான்: கணக்கில் விழுந்த 270,000 அல்ல, வெட்டுவதற்கு முந்தைய 300,000. வங்கியின் வரிச் சான்றிதழில் அது இருக்கும். ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஜனவரியில் தொடங்கும் வங்கிக் கூற்றை வைத்துக் கூட்டினால் எல்லாமே பிழைத்துவிடும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் வைப்பு இருந்தால் வட்டியைப் பங்கிட்டுக் காட்ட வேண்டும்.

பணம் கட்டும்போது எந்த ஆண்டு, எந்தத் தவணை என்று குறிக்கும் இலக்கத்தைப் பார்த்துப் போடுங்கள். மாறினால் கட்டிய பணம் வேறெங்கோ கிடக்கும், உங்கள் பெயரில் நிலுவை நிற்கும்.

கைத்தொலைபேசிச் செயலிகள், நண்பர்கள் அனுப்பும் எக்செல் தாள்கள் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 31 வரை விலக்கு 1,200,000தான், படிகளும் 500,000 வீதம் 6, 12, 18 என ஏறின. அந்தப் பழைய தாளில் 2,700,000 என்று போட்டால் வரி 180,000 என்று காட்டும். இப்போதைய விதிப்படி அது 54,000. இன்னொரு பொல்லாப்பு, தமிழில் தேடினால் முன்னே வந்து நிற்கும் இந்தியக் காணொளிகள். பான் கார்டு, படிவம் 16, எண்பது சி கழிவு எதுவும் இந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆயுள் காப்புறுதிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததே. இங்கே கூரையில் சூரிய மின்தகடு பொருத்தி மின்கட்டமைப்போடு இணைத்தால் ஆண்டுக்கு 600,000 வரை சலுகை உண்டு. வாடகை வருமானத்தில், பழுதுபார்ப்புச் செலவைத் தனியே எழுதாவிட்டால், 25% கழிவு உண்டு. மாதம் 60,000க்கு வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டவருக்கு 720,000இல் 540,000 மட்டுமே கணக்குக்கு வரும்.

கணக்காளர் கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம், எல்லவில் சுற்றுலா விடுதி, தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கும் சிறுதோட்டம், கடை, வாகன வாடகை: இவற்றில் எது செலவு, எது முதலீடு என்று பிரிப்பதிலேயே பாதி வரி இருக்கிறது. 4,000,000க்கு வாங்கிய லொறியை அந்த ஆண்டே முழுச் செலவாக எழுத முடியாது. 5 ஆண்டுக்கு 800,000 வீதம்தான் கழிக்கலாம். சம்பளத்துக்கு அப்பால் வருமானம் உள்ளவர் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணை கட்ட வேண்டும். மீதியைச் செப்டம்பர் 30க்குள் கட்டி, விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். இந்தத் தேதிகளை நினைவில் வைத்திருப்பதற்கே நல்ல கணக்காளரின் கூலி தகும். காணியோ வீடோ விற்றவருக்குத் தனி விபரத்திரட்டும் தனித் தவணையும் உண்டு. இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குபவரும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. 1,800,000 விலக்கு ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு நிறுவனமும் தனித்தனியே கழித்துவிட்டால் ஆண்டு முடிவில் பெரிய துண்டு விழும்.

விபரத்திரட்டைத் தாமதித்து அனுப்புவதன் விலையும் சின்னதல்ல. 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000மும், அல்லது கட்டவேண்டிய வரியில் 5%உம் மாதத்துக்கு 1%உம், எது கூடவோ அதுவே தண்டம். உச்சம் 400,000.

கணக்காளரிடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதே. சொத்து, கடன் பட்டியலில் நகை, கைமாற்றாகக் கொடுத்த கடன், இன்னொரு வங்கியில் கிடக்கும் சேமிப்பு எல்லாம் வரவேண்டும். நீங்கள் சொல்லாததை அவர் எழுத முடியாது. வேலை முடிந்ததும் மூன்று தாள் கேளுங்கள்: கணக்கிட்ட தாள், அனுப்பியதற்கான ஒப்புகை, பணம் கட்டிய சீட்டு. 5 ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள். இந்த மூன்றையும் தரத் தயங்குபவரிடம் அடுத்த ஆண்டு போகாதீர்கள்.

கடைசியாக, வரியே கட்ட வேண்டியிராத ஒருவரைப் பற்றி. தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற அம்மா சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் சேர்த்து 2,000,000ஐ வைப்பில் போடுகிறார் என்று கொள்வோம். 8% வட்டிக்கு ஆண்டில் 160,000. அதில் 16,000 வெட்டப்படுகிறது. அவருக்கு வேண்டியது கணக்காளரும் அல்ல, மென்பொருளும் அல்ல. ஆண்டு வருமானம் 1,800,000ஐத் தாண்டவில்லை என்று டின் இலக்கத்துடன் வங்கிக்குக் கொடுக்கும் ஒரு சுயபிரகடனப் படிவம் போதும். ஒவ்வொரு வங்கிக்கும், ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால், வெட்டிய பணத்தை மீளப்பெற அவரும் விபரத்திரட்டு நிரப்ப வேண்டியவராகிறார்.

ஆகவே மலையக நகரங்களிலுள்ள வங்கிக் கிளைகளிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் முதல் வாரத்தில் அந்தப் படிவம் தமிழில் மேசைமேல் இருக்கட்டும். வைப்பைப் புதுப்பிக்க வரும் ஓய்வூதியர்களிடம் அதிகாரிகளே முந்திக் கேட்டு, பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வரிக்கணக்கு எழுதும் வாசகர்,
ஹட்டன்.