லாஸ்ட் ஹில்ஸில் முப்பத்தெட்டு நிமிடம்

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
டிசம்பர் 20

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்தபிறகுதான் நிம்மதியாக இருந்தது. படியேறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப்போடு.

கடைசி வரியில் கேட்டிருந்தாயே, "ஃபோர்டு வண்டியை டெஸ்லாக்காரன் கம்பத்தில் மாட்டுகிறாயாமே, விடுவார்களா?" என்று. விடுகிறார்கள். போன வாரம்தான் லாஸ் ஏஞ்சலஸ் போய் மகளை விடுமுறைக்கு அழைத்து வந்தேன். போகும்போது வழியில் லாஸ்ட் ஹில்ஸ் என்ற ஊரில், டெஸ்லாவின் சார்ஜிங் நிலையத்தில் 38 நிமிடம் நின்றேன். பேட்டரி 19 சதவீதத்தில் நுழைந்த வண்டி 78 சதவீதத்தோடு கிளம்பியது. 164 சார்ஜிங் கம்பங்கள், ஜெயா! பக்கத்திலேயே வரிசை வரிசையாகச் சூரியத் தகடுகள். அந்த வெட்டவெளியில் நின்று பார்த்தபோது கல்லூரியில் நம் மெஷின்ஸ் லேபில் ஒரு மோட்டாரை ஓடவைக்க நாம் பட்ட பாடு ஞாபகம் வந்தது.

தம்பி மறைமலைநகர் ஆலையில் இருந்த காலத்திலிருந்தே எங்களுக்கு ஃபோர்டு மேல் ஒரு ஒட்டுதல். அதனால்தான் அவர்களுடைய மின்சார வண்டியான மாக்-ஈ வாங்கினோம். ஆனால் முதல் இரண்டு வருடம் ஊர் எல்லையைத் தாண்டப் பயம். உன்னிடம் சொல்லவேயில்லை, ஒருமுறை அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஒரு சார்ஜிங் நிலையத்துக்குப் போனோம். டெஸ்லாவுடையது இல்லை, வேறொன்று. நாலு கம்பத்தில் இரண்டின் திரை இருட்டு. மூன்றாவது பணத்தை எடுத்துக்கொண்டு பிழைச்செய்தி காட்டியது. நாலாவதில் ஏற்கெனவே ஒரு வண்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒன்றரை மணி நேரம் குளிரில் காத்திருந்தோம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்று வழியில் இரண்டு டெஸ்லா நிலையங்களைக் கடந்துதான் வந்திருந்தோம். எல்லாக் கம்பமும் வேலை செய்தது, பாதி இடம் காலி. எங்கள் வண்டியின் சார்ஜிங் துளை வேறு வடிவம் என்பதால் அது எங்களுக்கு இல்லை.

நீயும் எலக்ட்ரிகல் படித்தவள்தானே, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். டெஸ்லா 2012-இல் முதல் ஆறு நிலையங்களை இந்தக் கலிஃபோர்னியாவில்தான் திறந்தது. தன் வண்டிகளுக்கு மட்டும். மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் சிசிஎஸ் என்ற செருகியோடு போயின. அதில் வீட்டு மின்சாரத்துக்குத் தனி முள், நேர்மின்சாரத்துக்குக் கீழே தடிமனாக இரண்டு முள், பார்க்கவே முரட்டு உருவம். டெஸ்லாவுடையதில் ஒரே ஜோடி முள் இரண்டு வேலையையும் செய்யும், அதனால் கைக்கடக்கமாக இருக்கும். 2022 நவம்பரில் அந்த வடிவத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். 2023 மே மாதம் ஃபோர்டின் தலைவர் ஜிம் ஃபார்லி டெஸ்லாவோடு ஒப்பந்தம் போட்டார். இரண்டு வாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் வந்தது, பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். அந்த ஆகஸ்டில் ஃபார்லியே மின்சார டிரக்கை ஓட்டிக்கொண்டு நெடும்பயணம் போனார். நான் போகும் இதே ஐ-5 சாலையில், கோலிங்காவில், மெதுவான சார்ஜரில் மாட்டி 40 சதவீதத்தை எட்ட 40 நிமிடம் ஆனது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். டெஸ்லாவின் முதல் ஆறு நிலையங்களில் ஒன்று இருக்கும் ஊர் அது. ஃபோர்டு வைத்திருக்கும் எங்களுக்கு டெஸ்லாவின் கதவு திறந்தது 2024 பிப்ரவரி கடைசியில்.

டெஸ்லா செருகியை என் வண்டியின் சிசிஎஸ் துளையில் மாட்ட நடுவே ஒரு அடாப்டர் வேண்டும். அது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். உள்ளே மூளை எதுவும் கிடையாது, முள்ளை முள்ளோடு சேர்க்கும் அவ்வளவுதான். பேச்சுவார்த்தை எல்லாம் வண்டிக்கும் கம்பத்துக்கும் இடையே நேராக நடக்கிறது: எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், பேட்டரி என்ன சூட்டில் இருக்கிறது என்று. பழைய இரண்டாம் தலைமுறைக் கம்பங்களுக்கு டெஸ்லா பாஷை மட்டும்தான் தெரியும், எங்களுக்கு அவை உதவாது. மூன்றாம் தலைமுறையிலிருந்து பொதுப் பாஷையும் பேசுகின்றன. கம்பம் 250 கிலோவாட் தரத் தயாராக இருந்தாலும் என் வண்டி வாங்கிக்கொள்வது அதிகபட்சம் 150. அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் வேகம் விழுந்துவிடும். குடத்தில் கழுத்துவரை தண்ணீர் வந்ததும் குழாயைக் குறைப்போமே, அதுபோல. அங்கே நின்று நூறு வரை ஏற்றுவது நமக்கும் நேரக்கேடு, பின்னால் நிற்பவருக்கும் இடைஞ்சல்.

இடைஞ்சல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்லாவுக்குத் துளை இடது பின்மூலையில். பின்னோக்கி நிறுத்தினால் கம்பம் சரியாகப் பக்கத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கேபிளைக் குட்டையாக வைத்தார்கள். என் வண்டிக்குத் துளை இடது முன்பக்கம். மூக்கை உள்ளே விட்டு நிறுத்தி, இடப்பக்கத்து இடத்துக்கான கேபிளை எடுத்தால்தான் எட்டும். அப்போது பக்கத்து இடத்தில் வருபவருக்குக் கேபிள் இருக்காது. ஊருக்குத் திரும்பும் வழியில் ஒரு பழைய நிலையத்தில் இப்படித்தான் நின்றிருந்தேன். ஒரு பெரியவர் டெஸ்லாவில் வந்து, தன் இடத்துக் கேபிள் என் வண்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் வண்டியை நீங்களா வடிவமைத்தீர்கள்?" என்றார் அந்த மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து வரிசையின் வலது கோடிக் கம்பத்துக்கு அப்பால் வெற்றிடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். அங்கே நின்றால் ஒருவர் இடத்தோடு போகும், இரண்டு பேரைக் கெடுக்காது. லாஸ்ட் ஹில்ஸ் போன்ற புது நிலையங்களில் கேபிள் நீளம், இந்தத் தொல்லை இல்லை.

விலையில் வித்தியாசம் உண்டு. அவர்கள் வண்டிக்கு ஒரு விலை, எங்களுக்குக் கூடுதல். மாதச் சந்தா கட்டினால் அவர்கள் விலையே கிடைக்கும். நான் பயணம் இருக்கிற மாதம் மட்டும் கட்டுகிறேன்.

உங்கள் ஊர் போகும் வழியில், வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சுமைதாங்கிக் கல் இருக்குமே, பஸ்ஸிலிருந்து எனக்குக் காட்டினாய். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணுக்காக நட்டது என்றாய். அந்தக் கல் யார் தலைச்சுமை என்று கேட்காது. சாலையில் இருப்பது எல்லாம் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இங்கே செருகியின் வடிவம் இப்போது பொதுத் தரமாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் கம்பங்கள் இன்னும் பெரும்பாலும் ஒரே கம்பெனி கையில். 2024 ஏப்ரல் கடைசியில் டெஸ்லாவில் சார்ஜிங் பிரிவு ஆட்களை ஏறக்குறைய மொத்தமாகவே வேலையைவிட்டு அனுப்பினார்கள். பிறகு சிலரைத் திரும்ப அழைத்தார்கள் என்றாலும், அந்த வாரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் மனம் மாறினால் இத்தனை பேர் பயணம் மாறிவிடும் என்பது சரியில்லை. அரசாங்கமும் மற்ற கம்பெனிகளும் இதே தரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் கம்பங்களை நட வேண்டும். இதை எங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதிப் போட்டேன்.

செல்வம் அண்ணன் மின்சார வண்டி பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். உங்களுக்கு அங்கே வடிவச் சண்டை கிடையாது. டாடா, மகிந்திரா, எம்ஜி கார்களில் வேகமாக ஏற்றும் வசதி உள்ளவற்றுக்கு இப்போது ஒரே சிசிஎஸ்-2 கன், அதாவது கேபிள் முனையில் இருக்கும் செருகி. அதனால் எந்த வண்டி என்று குழம்புவதைவிட, நீங்கள் அடிக்கடி போகும் வழியில் எந்தக் கம்பம் உண்மையில் ஓடுகிறது என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்க்கச் சொல். செயலியில் பச்சையாகக் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிப்ரவரியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் வண்டி வந்துவிட்டால் தஞ்சாவூர் வரை அதிலேயே போவோம். கன் மாட்டுவது மட்டும் என் வேலை.

உன்,
மலர்