கறுப்புத் துணியை எடுக்கச் சொன்னவனின் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நம் நிதி திரட்டும் பக்கத்தில் மீதமுள்ள நாட்களைக் காட்டிய எண் பூஜ்ஜியத்தைத் தொட்டு இன்றோடு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பக்கத்தை இன்றிரவு கடைசியாக ஒருமுறை திறந்து, பணம் தந்த 214 பேருக்கும் ஓர் அறிவிப்பு எழுதப் போகிறேன். அதற்கு முன்பு உங்களுக்கு எழுதிவிட வேண்டும். தனியாக அனுப்பாமல் ஏன் இப்படி ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். தனியாக அனுப்பிய மூன்று மடல்களுக்கும் பதில் வரவில்லை என்பது ஒரு காரணம். நீங்கள் விலகியபோது நான் சொன்ன பொய்க் காரணத்தை ஊரறியத்தான் சொன்னேன் என்பது இன்னொன்று.

நீரின் கலங்கலை அளக்கும் நம் மிதவை எப்படி வேலை செய்தது என்று உங்களுக்கே விளக்குவது கேலிக்கூத்து. அதில் பாதி உங்கள் கையால் ஆனது. ஆகவே நேராகக் காணொளி எடுத்த அந்தப் பிற்பகலுக்கு வந்துவிடுகிறேன்.

வாடகை விளக்குகளை ஆறு மணிக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. கண்ணாடித் தொட்டியில் மிதவை அழகாக மிதந்தது; திரையில் கலங்கல் அளவு மட்டும் 9 என்றும் 40 என்றும் மாறி மாறிக் குதித்தது. நீரிலுள்ள துகள்கள் சிதறடிக்கும் ஒளியைத் தொண்ணூறு பாகைக் கோணத்தில் பிடித்து அளக்கிற உணரிக்கு, வெளியிலிருந்து வந்து விழும் ஒளியைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று நீங்கள் முன்பே எச்சரித்திருந்தீர்கள். அன்று ஒன்றும் பேசாமல் உங்கள் மேசை இழுப்பறையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து வந்து தொட்டியை மூடினீர்கள். எண் அடங்கியது. பிறகு, காலிபரேஷனுக்கு, அதாவது உணரியைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய, வைத்திருந்த ஃபார்மசின் என்ற கலங்கல் கரைசல்கள் நான்கு நாட்களுக்கு முன் கலந்தவை, 4000 அலகுப் புட்டி மாதக்கணக்கில் தாங்கினாலும் அதிலிருந்து நீர்த்தவற்றை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், எனவே இப்போது தெரியும் எண்ணையும் நம்ப முடியாது, நாளை காலை புதிதாகக் கலந்து எடுக்கலாம் என்றீர்கள்.

துணி போர்த்திய தொட்டியைக் காட்டி யாரிடம் பணம் கேட்பது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. துணியை எடுக்கச் சொன்னேன். நீங்கள் அதை எடுத்து, நான்காக மடித்து, மேசை ஓரத்தில் வைத்து, அதன் மேல் ஒருமுறை உள்ளங்கையால் நீவிவிட்டு வெளியே போனீர்கள். நான் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: அலைவு ஓர் எல்லையைத் தாண்டினால் 3.2 என்று காட்டு. காணொளியின் இரண்டாம் நிமிடத்தில், திரையில் 3.2 ஒளிரும்போது, சட்டகத்தின் இடது ஓரத்தில் அந்தத் துணியின் மடிப்பு இரண்டு நொடிகள் தெரிகிறது. எத்தனை பேர் கவனித்தார்களோ, எனக்குத் தெரியாது. என்னால் அதைக் கவனிக்காமல் அந்தக் காணொளியைப் பார்க்க முடிந்ததே இல்லை.

அறையில் வேறு யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் இப்போது பொறுப்பான வேலைகளில் இருக்கிறார்கள். இதைப் படிக்கவும் கூடும். தட்டச்சு செய்த விரல் என்னுடையது.

அந்த 3.2 வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய வாரம், இருட்டறையில், இதே தொட்டியில் நீங்களே அளந்து உங்கள் நோட்டில் எழுதிய எண் அது. உண்மையில் கிடைத்த ஓர் அளவை வேறொரு நாளின் திரையில் காட்டினேன் என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன். இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது என்ற விதியுள்ள தளத்தை நாம் தேர்ந்தெடுத்திருந்தோம். நூறு சதவீதம் வந்தால் மிதவை உண்டு, தொண்ணூற்றொன்பது வந்தால் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட கணக்கின் முன் நிற்பவனிடம் ‘நாளை காலை’ என்று சொல்வது எளிது, அக்கா. பணம் கேட்கப் போகிறவர் நீங்கள் அல்ல.

ஆம், இதில் எனக்குக் கோபம் இருக்கிறது. ‘என் பெயரைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடு’ என்று ஒரே வரி அனுப்பினீர்கள். பிறகு முப்பது நாட்களும் எங்கிருந்தீர்கள்? முதல் மூன்று நாட்களில் தெரிந்தவர்கள் எல்லாம் தந்து முடித்தார்கள். கடைசி இரண்டு நாட்களில் தயங்கியவர்கள் ஓடி வந்தார்கள். இவற்றுக்கு இடையே கிடந்த அந்தப் பாலைவனத்தை நான் தனியாகக் கடந்தேன். ஒன்பதாம் நாளிலிருந்து இருபத்திரண்டாம் நாள் வரை பக்கம் அசையவே இல்லை. பள்ளித் தோழர்கள், என் பழைய ஆசிரியர்கள், ஒருமுறை மட்டும் பேசியவர்கள் என்று ஒருவர் விடாமல் கை நீட்டினேன். நம் குழுவிலேயே அதிகம் பேரைத் தெரிந்தவர் நீங்கள். இணைப்பை ஒருவருக்குக்கூட அனுப்பவில்லை. உங்கள் நேர்மைக்கு உங்களுக்கு எந்தச் செலவும் ஆகவில்லை.

இதை எழுதியதும் அழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் இதை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் எழுதினால் அதுவும் துணியை எடுத்துவிட்டு எடுத்த காணொளி போலத்தான் இருக்கும்.

தளத்துக்கு ஒரு பங்கு, பணப்பரிமாற்றத்துக்கு ஒரு பங்கு, பணம் தருவதாக வாக்களித்துவிட்டு அட்டை செல்லாமல் போனவர்களால் ஒரு பங்கு, பல்கலைக்கழக நிதிப் பிரிவின் நிர்வாகக் கழிவு ஒரு பங்கு என்று போனபின் மிஞ்சியது, நாம் இலக்கு நிர்ணயித்தபோது போட்ட கணக்கைவிட மிகக் குறைவு. பொருளாக எதையும் வாக்களிக்காதே, அளந்த தரவைத் தருகிறோம் என்று மட்டும் சொல் என்று நீங்கள் வாதாடியது அப்போதுதான் உறைத்தது. ஆய்வுகளுக்கென்றே 2012-இல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்ட் தளத்தை எனக்குக் காட்டியது நீங்கள்தான். அங்கே பரிசுப் பொருள் கிடையாது, ஆய்வுக் குறிப்புகள்தான் என்றீர்கள். நான் நாற்பது பள்ளிகளுக்கு நாற்பது மிதவை என்று எழுதினேன். பதினொன்றுதான் போய்ச் சேர்ந்தன.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிய அறிவிப்புகளில் நீங்கள் சொன்ன கதைகளையே கவசமாக்கினேன். கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தின் திட்டங்களை ஆராய்ந்து 2014-இல் ஈதன் மோலிக் வெளியிட்ட கட்டுரை, பொருள் தருவதாகச் சொன்னவற்றில் 75 சதவீதத்துக்கும் மேலானவை சொன்ன தேதியைத் தவறவிட்டதாகக் கூறுகிறது என்று எழுதினேன். கிக்சாட் என்ற விண்கலத்தைப் பற்றி இரண்டு முறை எழுதினேன். கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஜாக் மான்செஸ்டர் 2011-இல் 300-க்கும் மேற்பட்டோரிடம் பணம் திரட்டியதும், 2014 ஏப்ரலில் விண்ணுக்குப் போன அந்தக் கலத்தின் கடிகாரம் நடுவில் மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விட்டதால் உள்ளிருந்த 104 சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களும் வெளிவராமலேயே மே மாதத்தில் எரிந்துபோனதும், 2019-இல் இரண்டாம் கலம் அத்தகைய செயற்கைக்கோள்களை வெளியே விட்டுக் காட்டியதும் நம் கொடையாளர்களுக்கு மனப்பாடம். நீங்கள் அந்தக் கதையை எனக்குச் சொன்னபோது அழுத்திச் சொன்ன பகுதியை மட்டும் நான் எழுதவில்லை: கடிகாரம் தவறியதை, கலம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தபோதே அவர் பணம் தந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் ஒரு பள்ளி ஆசிரியை மடல் அனுப்பினார். நம் மிதவையைப் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் விட்டு, பிள்ளைகள் தினமும் மதிய இடைவேளையில் அளவு குறித்திருக்கிறார்கள். கோடு போட்ட தாளில், பென்சிலால், பதினேழு நாட்கள். 3.2, 3.2, 3.2. தங்கள் குளம் இவ்வளவு தெளிவாக இருப்பதில் அவர்களுக்குப் பெருமை. பதினெட்டாம் நாள் ஒரு சிறுமி இருட்டியபின் போய்ப் பார்த்திருக்கிறாள். 27 என்று காட்டியது. ‘ராத்திரியில் மட்டும் குளம் கலங்குமா?’ என்று அவள் கேட்டதை ஆசிரியை அப்படியே எழுதி, விளக்கம் கேட்டிருந்தார்.

நான் அந்த வரியை எடுக்கவே இல்லை, அக்கா. படப்பிடிப்பு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், பிறகு மறந்தேன், அந்த நிரலே பதினொரு மிதவைகளிலும் ஏறிப் போயிற்று. வெயில் பட்டால் அலைவு கூடும், அலைவு கூடினால் 3.2. அந்தச் சிறுமி கேட்டதற்கு மூன்று நாட்கள் கழித்துத்தான் என்னால் பதில் எழுத முடிந்தது.

நீங்கள் ஏன் விலகினீர்கள் என்று கேட்டவர்களிடம் ஆய்வேட்டு வேலை அதிகம் என்றேன். பின்னால் வந்த இளைய மாணவர்கள், பெரிய உதவித்தொகை கிடைத்ததும் நம்மைக் கைவிட்டுப் போனவர் என்று உங்களைப் பற்றிப் பேசியபோது மறுக்காமல் இருந்தேன். மன்னித்துவிடுங்கள். துணிக்காக ஒரு மன்னிப்பு, இதற்காக வேறொரு மன்னிப்பு, இரண்டாவது பெரியது.

அன்று அந்தச் சுதந்திரதேவி சிலைப் பீடத்தின் கதையைச் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? 1885-இல் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதையும், பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகவே தந்தார்கள் என்பதையும் நான் வியந்தேன். தந்த ஒவ்வொருவர் பெயரையும் அவர் அச்சிட்டதை நீங்கள் வியந்தீர்கள். தந்தவர்களின் பெயர்கள் நம் பக்கத்திலும் இருக்கின்றன. இல்லாதது உங்கள் பெயர்தான்.

இன்றிரவு போகும் அறிவிப்பில் அந்த நிரல் வரி அப்படியே இருக்கும். கேட்பவர்களுக்கு அவர்கள் தந்த தொகையை என் சம்பளத்திலிருந்து தவணையாகத் திருப்பித் தருவேன். பதினொரு மிதவைகளையும் வரவழைத்து, வரியை நீக்கி, மீண்டும் காலிபரேட் செய்து அனுப்புவேன். இருட்டறையில் நீங்கள் எடுத்த அளவுகளின் பக்கத்தையும் இணைக்க விரும்புகிறேன். உங்கள் கையெழுத்து அது, ஆகவே உங்கள் சம்மதம் இல்லாமல் இணைக்க மாட்டேன். பெயரைப் பற்றியும் நீங்களே சொல்லுங்கள்.

4000 அலகுப் புட்டி காலாவதியாகிவிட்டது. புதியது வியாழக்கிழமை வரும். கறுப்புத் துணி என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தம்பி